நாப்பத்தஞ்சு கிலோ வேண்டுதல்

ஒரு பொம்பள விடியக்காலத்துல சும்மா நடந்தா சிதம்பரத்துல யாருக்கும் பொறுக்காது. கையில ஒரு கூட இருந்தா காய் வாங்கப் போறான்னு விட்டுடுவாங்க. கொடம் இருந்தா தண்ணிக்கின்னு விட்டுடுவாங்க. கையில ஒண்ணுமில்லாம, புடவைக்குக் கீழ வெள்ள கேன்வாஸ் ஷூவ மாட்டிகிட்டு, கீழ வீதியில ஆரம்பிச்சி தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதின்னு கோயில ஒரு சுத்து சுத்தி வந்தா நாலு வீதிக்கும் பதில் சொல்லணும். மொத நாளு டீக்கடைக்காரரு பஸ்ஸ விட்டுட்டியாம்மான்னு கேட்டாரு. ரெண்டாம் நாளு வாசல்ல கோலம் போட்டுகிட்டிருந்த ஒரு அம்மா எதயாவது தொலச்சிட்டியாடின்னு கேட்டாங்க. மூணாம் நாளு கீழ சன்னதியில பூ விக்கிற பட்டம்மா, வேண்டுதலாக்கான்னா. எனக்கு மூச்சு வாங்குது, நின்னு கத சொல்லத் தெம்பு இல்ல. ஆமான்னுட்டேன். அந்த ஒரு ஆமாவுக்கு நான் பட்ட பாட்டதான் சொல்லப்போறேன்.

என் பேரு கொளஞ்சி. வீடு சிதம்பரம், வேல கடலூர் கோர்ட்டுல, ஆபீஸ் அசிஸ்டென்ட். கேசு கட்டத் தூக்கிகிட்டுப் போயி ஜட்ஜய்யா மேசையில வெக்கிறது, வாசல்ல நின்னு பார்ட்டி பேர மூணு தடவ கூப்புடுறது, இதுதான் என் வேல. நான் கூப்புட்டேன்னா ரோட்டுக்கு அந்தாண்ட டீ குடிக்கிறவன் கிளாஸ வெச்சிட்டு ஓடியாருவான். அப்பேர்ப்பட்டவளுக்கு ரெண்டாயிரத்தி ஒம்போதுல வலது மாருல கட்டி. ஆப்ரேஷன் பண்ணாங்க, கீமோ குடுத்தாங்க, ரேடியேஷன்னு கரண்டு வெச்சாங்க. எல்லாம் முடிஞ்சி வெளிய வந்தப்ப கட்டி போயிருந்துது. கூடவே பதினாலு கிலோ ஒடம்பும் தலமுடியும் போயிருந்துது. வலது கை தோளுக்கு மேல ஏற மாட்டேன்னுட்டுது.

மறுபடி வேலைக்கி சேரணும்னா மெடிக்கல் போர்டு டாக்டரு கையெழுத்து போடணும். பிப்ரவரியில போனேன். அங்க இருந்த டாக்டரு என் கையப் பாக்கல, நான் பேசுனதக் கேக்கல. தலையில கட்டியிருந்த துணியப் பாத்தாரு, உடனே பேனாவ எடுத்தாரு. இன்னும் கொஞ்சம் லீவுல இருக்கட்டும்னு எழுதிட்டாரு. அடுத்த போர்டு ஜூன் ஏழாந்தேதி. அதுலயும் லாயக்கில்லன்னு எழுதிட்டா வேலய விட்டு அனுப்பிடுவாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. பென்ஷன் வரும், வராம இல்ல. ஆனா நாப்பத்தாறு வயசுல வீட்டுல ஒக்காந்துகிட்டு, வரவங்க போறவங்கல்லாம் உச்சு கொட்டுறதக் கேக்க என்னால ஆவாது. எனக்கு என் கோர்ட்டு வாசல் வேணும்.

கடலூர்ல, கேன்சர் வைத்தியம் முடிஞ்சவங்களுக்குன்னே ஒரு டிரஸ்ட்டு மாசத்துல ரெண்டு சனிக்கெழம முகாம் நடத்துனாங்க. அங்க சத்யப்பிரியான்னு ஒரு பொண்ணு, உடற்பயிற்சியும் சாப்பாடும் சொல்லிக்குடுக்குறது. பாத்தா காலேஜ் படிக்கிற புள்ள மாதிரி இருக்கும், பேசுனா ஹெட்மாஸ்டரு. அதுவரைக்கும் எல்லாரும் என்னப் படுத்துக்கோ படுத்துக்கோன்னு சொன்னவங்கதான். எழுந்திரிச்சி நடன்னு சொன்னது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். தெனம் அர மணி நேரம் நடக்கணும், கால் வெரலு மரத்திருக்கறதால ஷூ இல்லாம நடக்கக்கூடாது. செவுத்துல வெரல வெச்சி சிலந்தி ஏறுற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா கைய மேல ஏத்தணும். தண்ணி பாட்டிலத் தூக்கிப் பழகணும். மூணு மணிக்கொரு தடவ சாப்புடணும். ரெண்டு முட்ட, மீனு, சுண்டல், தயிரு, வேர்க்கடல. எல்லாத்தயும் ஒரு பேப்பருல எழுதிக் குடுத்துட்டு சொல்லிச்சு, "நாப்பத்தொரு கிலோ இருக்கீங்கம்மா. ஜூனுக்குள்ள நாப்பத்தஞ்சு ஆவணும், கை காதத் தாண்டணும். ஆச்சுன்னா போர்டுக்கு நானே லெட்டர் தரேன்."

சரின்னு ஏப்ரல்ல நடக்க ஆரம்பிச்சேன். மூணாம் நாளே பட்டம்மாகிட்ட ஆமான்னு சொல்லித் தொலச்சேன்.

அன்னிக்கி சாயந்திரமே சேதி என் நாத்தனார் தில்லையம்மாள் காதுக்குப் போயிடுச்சி. எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவங்க, பக்கத்து வீடு. அவுங்கள எதுத்து நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். பயம் கொஞ்சம், மரியாத கொஞ்சம், மிச்சமெல்லாம் பட்ட கடன். கீமோ போட்ட ஆறு மாசமும் நான் எடுத்த வாந்திய வாரிக் கொட்டுனது அவுங்க கைதான். ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல. அப்பேர்ப்பட்டவங்க ஓடியாந்து என் ரெண்டு கையயும் புடிச்சிகிட்டு, ஒரு மண்டலம் நடக்குறதா வேண்டிகிட்டியாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடின்னு கண்ணு கலங்குனா, நான் என்னன்னு சொல்லுவேன். இல்ல அண்ணி, அது எக்சர்சைஸ்னு அப்பவே சொல்லியிருக்கணும். அவுங்க மொகத்தப் பாத்தேன், வாய் வரல. நாப்பத்தெட்டு நாளும் அவுங்களா முடிவு பண்ணதுதான். நான் தலைய மட்டும் ஆட்டுனேன்.

மறுநாள்லேர்ந்து என் சமயக்கட்டு என் கையில இல்ல. வெரதக்காரி வீட்டுல கவுச்சி ஆவாதுன்னு முட்டய எடுத்து எதுத்த வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. கருவாட்டுப் பானைய வெளிய கொண்டுபோயிட்டாங்க. வெங்காயம் பூண்டு கெடயாது. மதியம் ஒருவேள சோறு, காலையிலயும் ராவுலயும் ரெண்டு வாழப்பழம், ஒரு டம்ளர் பாலு. ஷூவயும் கழட்டச் சொன்னாங்க. அதுக்கு மட்டும் நான் அடம் புடிச்சேன், கால் மரத்திருக்கு அண்ணி, கண்ணாடி குத்துனாகூட தெரியாதுன்னேன். சாமிக்குத் தெரியும் போன்னு அத மட்டும் விட்டாங்க. அப்புறம் நான் நடக்குறப்ப ஊரே ஒத்தாசதான். பட்டம்மா தெனம் ஒரு மொழம் பூவ காசு வாங்காம குடுத்தா. வெக்கிறதுக்கு முடியில்லாத தலைக்கி பூ. டீக்கடைக்காரரு கையெடுத்துக் கும்புட்டாரு. ஒரு நாளு ஒடம்பு அசந்து நான் படுத்துட்டா, அஞ்சர மணிக்கி அண்ணி கதவத் தட்டி சாமி குத்தம்னாங்க. ஒண்ணு ஒத்துக்கணும், அவுங்க தயவுல நடை ஒரு நாளும் நிக்கல.

நடையெல்லாம் சரி, எட நிக்கணுமே. மே எட்டாந்தேதி முகாம்ல ஏறி நின்னா மிஷினு நாப்பத்துல வந்து நின்னுச்சி. சத்யப்பிரியா மிஷினத் தட்டிப் பாத்துச்சு, வேற மிஷினு கொண்டாரச் சொல்லிச்சு, அதுவும் நாப்பதுதான் காட்டுச்சு. என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டுது. சொன்னேன். ஏன்னு கேட்டுது. அதயும் சொன்னேன். அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பும் வந்துது, கோவமும் வந்துது, எத மொதல்ல காட்டுறதுன்னு தெரியல. அப்புறம் பொறுமையா சொல்லிச்சு. கவுச்சி வேணாம்னா போவுது, சுண்டலும் பருப்பும் தயிருமா தின்னாகூட தேறிடலாம், ஆனா வைத்தியம் பாத்து எளச்ச ஒடம்ப ஒருவேள சோத்துல போட்டு வெச்சா சதையெல்லாம் கரைஞ்சி போவும், அப்புறம் கேசு கட்ட யாரு தூக்குறதுன்னு. போர்டுக்கு இன்னும் முப்பது நாளு.

அன்னிக்கி பஸ்ஸுல வரும்போதே, கூட வந்திருந்த எங்க வீட்டுக்காரர்கிட்ட கொட்டித் தீத்தேன். அவரு பேரு மணவாளன். மேல வீதியில ஜெராக்ஸ் கடை. சாது. அவருக்கு இருக்குற ஒரே கர்வம் தலமுடி. அம்பத்து மூணு வயசுலயும் அடர்த்தியா நிக்கும். ஞாயித்துக்கெழம தவறாம டை அடிச்சி, பாக்கெட்டுல சீப்போடதான் வெளிய கெளம்புவாரு. எனக்கு முடி கொட்டுன காலத்துல எம் முன்னாடி சீப்ப எடுக்க மாட்டாரு, வெளிய போயிதான் சீவுவாரு. அவருதான் யோசன சொன்னாரு, கடையில டீ போட எலக்ட்ரிக் கெட்டில் ஒண்ணு இருக்குன்னு.

அதுலேர்ந்து நடையில ஒரு திருத்தம். கீழ வீதி, தெற்கு வீதி முடிஞ்சி மேல வீதியில கடையாண்ட வந்ததும் பாதி ஷட்டர் தொறந்திருக்கும். குனிஞ்சி உள்ள போனா ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூலு, ஸ்டூலு மேல ரெண்டு அவிச்ச முட்ட, மொளகுத்தூளு, ஒரு பிடி வேர்க்கடல. தின்னுட்டு வாய் கொப்புளிச்சிட்டு, வெத்தல போட்டுகிட்டு, மிச்ச வீதியயும் பக்தியா நடந்து முடிப்பேன். பதினோரு மணிக்கி கடைக்கி சாப்பாடு குடுக்கறேன்னு போறது, சாயந்திரம் பேப்பரு அடுக்கறேன்னு போறது, போன எடத்துலல்லாம் சுண்டல், தயிரு. முட்டத் தோல ஜெராக்ஸ் பேப்பருல மடிச்சி அவரே கொண்டுபோயி போட்டுட்டு வருவாரு. ஒரு நாளு யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரு, என்னங்க கடையில முட்ட வாடன்னு கேட்டாராம். மிஷினு சூடாயிடுச்சின்னா அப்புடித்தான் வாசன வரும்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாராம். இருவத்தெட்டு வருஷத்துல அவரு சொன்ன மொத பொய்யின்னு நெனைக்கிறேன், அதுவும் எனக்காவ.

மே இருவத்திரெண்டாந்தேதி முகாம்ல நாப்பத்திரெண்டு வந்துது. கை எட்டுற எடத்துல செவுத்துல நான் போட்டுவந்த பென்சில் கோடு காதுக்கு மேல ஒரு சாண் போயிருந்துது. தலையில ஒன்னர அங்குலம் முடி, முன்ன இல்லாத மாதிரி சுருட்ட சுருட்டயா மொளச்சிருந்துது. கண்ணாடி முன்னாடி நின்னு அத இழுத்து இழுத்து விட்டுப் பாப்பேன். அந்த நாலு நாளும் நான் சந்தோஷமாத்தான் இருந்தேன். நாப்பத்தஞ்சாம் நாளு அண்ணி வந்து, சனிக்கெழம காலையில திருவந்திபுரம் கெளம்பணும், சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்னாங்க. எதுக்குன்னேன். முடி எறக்கத்தான்னாங்க.

உன் வேண்டுதலோட நானும் ஒண்ணு சேத்து வேண்டிகிட்டேன், மண்டலம் முடிஞ்சதும் உன் முடிய தேவநாத சாமிக்குக் குடுத்துடறதான்னு. சொல்லும்போது அவ்வளவு பெரும மொகத்துல. நடராஜர சுத்துனதுக்குத் தேவநாதரு எங்கேர்ந்து வந்தாருன்னு கேட்டேன். நம்ம வம்சத்து முடியெல்லாம் அவருக்குத்தான்டின்னுட்டாங்க. அன்னிக்கி ராவு நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்ட போட்டேன். அவரு மேல தப்பே இல்ல, இருந்தாலும் போட்டேன். சனிக்கெழமயிலேர்ந்து போர்டுக்கு ஒம்போது நாளுதான். மொட்டத் தலையோட போயி நின்னா டாக்டரு மறுபடி தலையத்தான் பாப்பாரு. அண்ணிகிட்ட நெசத்த சொல்லுங்கன்னேன். நீயே சொல்லேன்னாரு. ரெண்டு பேருமே சொல்லல.

சனிக்கெழம திருவந்திபுரம். முகூர்த்த நாளு வேற, மாலயும் கழுத்துமா பொண்ணு மாப்புள, மேளம், கூட்டம். முடி எறக்குற எடத்துல வரிசையா ஒக்காந்திருந்தாங்க. அண்ணி சீட்டு வாங்கி என் கையில குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரரு ரெண்டு பையத் தூக்கிகிட்டு பின்னாடி நின்னாரு. நாவிதரு பிளேட மாத்திட்டு, வாங்கம்மான்னு பலகயக் காட்டுனாரு. நான் ஒக்காரல. சொல்லிட்டேன். மெதுவாத்தான் சொல்ல நெனச்சேன், ஆனா வந்தது கோர்ட்டு கொரலு.

"அண்ணி, நான் எந்த சாமிக்கும் எதயும் வேண்டிக்கல. முகாம்ல நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். பட்டம்மா கேட்டா, மூச்சு வாங்குன வாக்குல ஆமான்னுட்டேன். மூணு வாரமா தெனம் ரெண்டு முட்ட திங்கிறேன். இந்தத் தலையோட போனாத்தான் என்ன வேலைக்கி சேப்பாங்க. இந்த ஒன்னர அங்குலத்த விட்டா எனக்கு வேற சாட்சி இல்ல."

வரிசையில இருந்த நாவிதருங்க அத்தினி பேரும் கத்திய நிறுத்திட்டாங்க. பாதி மொட்டயோட ஒருத்தரு திரும்பிப் பாத்தாரு. அண்ணி அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். அடிக்கல. தாழ்ந்த கொரல்ல சொன்னாங்க, "நாப்பத்தெட்டு நாளா நானும் மீனு தொடலடி."

எனக்கு அது தெரியாது. மீன் கொழம்பு இல்லன்னா தட்ட நவுத்தி வெச்சிட்டு எழுந்திரிச்சிப் போற பொம்பள அவுங்க. என் வெரதத்துக்கு ஒத்தாசயா இருக்கட்டும்னு ஒருத்தருகிட்டயும் சொல்லாம பருப்புத் தண்ணிய ஊத்தித் தின்னுருக்காங்க. நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாடி மொளகுத்தூளு தொட்டுகிட்டு முட்ட தின்னுருக்கேன். வெக்கமா போச்சு. அவுங்க காலப் புடிக்கக் குனிஞ்சேன், சீ எழுந்திரின்னாங்க. அப்புறம் சீட்ட எங்கிட்டேர்ந்து புடுங்கி யோசிச்சாங்க. அந்தம்மா யோசிச்சாலே யாருக்கோ கண்டம்.

சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான், இந்தக் குடும்பத்துலேர்ந்து ஒரு தல எறங்கியே ஆவணும்னாங்க. பின்னாடி திரும்புனாங்க. "மணவாளா, பைய வெச்சிட்டு ஒக்காரு."

அவரு மொகத்தப் பாக்கணுமே. ஆறு நாளைக்கி முன்னாடிதான் டை அடிச்சிருந்தாரு. வேண்டுனது பொம்பள முடி ஆச்சேன்னு இழுத்துப் பாத்தாரு. சீட்டுல ஆணு பொண்ணு போடலன்னாங்க அண்ணி. அவரு என்னப் பாத்தாரு, என் தலைய ஒரு தடவ பாத்தாரு. பாக்கெட்டுலேர்ந்து சீப்ப எடுத்து என் கையில குடுத்துட்டு பலகயில ஒக்காந்துட்டாரு. தண்ணி தெளிச்சி, கத்தி வெச்சி, ரெண்டே நிமிஷம், அத்தினி கர்வமும் தரையில கெடந்துது. சந்தனம் பூசிகிட்டு எழுந்தவரு, காத்து வருது இல்லன்னாரு. எனக்கு அந்த மனுஷன் மேல அன்னிக்கி வந்த ஆச கல்யாணத்தப்பகூட வந்ததில்ல.

மிச்ச ஒம்போது நாளும் நான் வேற விதமா மாட்டிகிட்டேன். சத்யப்பிரியா குடுத்த பேப்பர அண்ணி கைப்பத்திட்டாங்க. அவுங்களுக்குப் படிக்க வராது, எங்க வீட்டுக்காரர ரெண்டு தடவ படிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிட்டாங்க. மூணு மணிக்கொரு தடவ தட்டோட வருவாங்க. பத்து நிமிஷம் தாமசமானா, பேப்பருல இப்புடியா போட்டுருக்குன்னு அதட்டுவாங்க. கடலூர் முதுநகருக்கு ஆளு அனுப்பி சங்கரா, கெழங்கான், நெத்திலின்னு மீனா எறக்குனாங்க. எனக்கு ஒரு தட்டு, அவுங்களுக்கு ஒரு தட்டு, நாப்பத்தெட்டு நாள் பாக்கிய அவுங்க ஒம்போது நாள்ல தீத்தாங்க. காலையில என்னோட நடக்கவும் வந்தாங்க. டீக்கடைக்காரரு மறுபடியும் வேண்டுதலான்னு கேட்டதுக்கு, இல்லய்யா எக்சர்சைஸுன்னு அண்ணியே சொன்னாங்க.

ஜூன் ஏழாந்தேதி மூணு பேரும் கடலூர் போனோம். ரெண்டு நாளைக்கி முன்னாடி முகாம் மிஷின்ல நாப்பத்தி மூணர. ஒன்னர கிலோ கொற. சத்யப்பிரியா இருந்தாலும் லெட்டர் குடுத்துச்சு, கை நல்லா வேல செய்யுது, எட ஏறிகிட்டுத்தான் இருக்குன்னு எழுதியிருந்துது. அண்ணி வராண்டாவுல பெஞ்சில ஒக்காந்துட்டாங்க. கொளஞ்சின்னு கூப்புட்டதும் எங்க வீட்டுக்காரரு ஃபைலயும் எக்ஸ்ரே கவரயும் அணச்சிகிட்டு எனக்கு முன்னாடி உள்ள போனாரு. நான் கோர்ட்டு பழக்கத்துல கதவுகிட்டயே நின்னுட்டேன்.

உள்ள வேற டாக்டரு, சின்ன வயசு. எங்க பக்கம் கொளஞ்சிங்கறது ஆம்பளைக்கும் வெப்பாங்க, பொம்பளைக்கும் வெப்பாங்க. அவரு ஃபைலத் தொறக்கல. எதுத்தாப்புல நிக்கிற ஆளோட மொட்டத் தலையப் பாத்தாரு, ஒட்டுன கன்னத்தப் பாத்தாரு. கொரல எறக்கி, ஸ்டூலக் காட்டி, ஒக்காருங்க கொளஞ்சி, கீமோ முடிஞ்சி எத்தன மாசம் ஆவுதுன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு சாது பாருங்க, ஒக்காந்தும் தொலச்சிட்டாரு. டாக்டரு என்னப் பாத்து, நீங்க அவரு சம்சாரமா, வீட்டுல நல்லா சாப்பாடு குடுங்கம்மா, ரொம்ப எளச்சிருக்காருன்னாரு.

"கொளஞ்சி நான்தாங்க"ன்னேன். வராண்டா கடைசி வரைக்கும் கேட்டிருக்கும்.

அவரு நிமிந்து என்னப் பாத்தாரு. ஃபைலப் பாத்தாரு. திரும்ப என்னப் பாத்தாரு. அப்புறம் கைய தூக்கச் சொன்னாரு, தூக்குனேன், காதத் தாண்டி நேரா நின்னுது. மூலையில கெடந்த ஃபைல் கட்ட மேசைக்கி எடுத்து வெக்கச் சொன்னாரு, வெச்சேன். மிஷின்ல ஏத்துனாரு. லெட்டர்ல நாப்பத்தஞ்சு எதிர்பாத்ததா இருக்கேன்னாரு. ஆயிடும் சார், வீட்டுல ஆளு இருக்குன்னேன். சிரிச்சிட்டாரு. வேலைக்கித் தகுதின்னு எழுதி கையெழுத்து போட்டாரு.

வெளிய வந்தேன். அதுவரைக்கும் தைரியமா இருந்தவளுக்கு வராண்டாவுல வந்ததும் கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. அண்ணி பதறிப்போயி எழுந்து, பாவி மறுபடி முடியாதுன்னு எழுதிட்டானான்னு என் தோளப் புடிச்சி உலுக்குனாங்க. எனக்கு சர்ட்டிபிகேட்ட நீட்டக்கூட தோணல.

"ரெண்டு பேருல நோயாளி யாருன்னு அவருக்குத் தெரியல அண்ணி"ன்னேன்.